கடைசியாக வருபவளுக்கான பாட்டு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய்யைச் சொன்னவன் நான்தான். எங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில், மூன்றாவது பத்தியில், தக்வா என்ற என் பெயரோடு அது அச்சாகியிருக்கிறது. ‘நம் வீராங்கனை நர்மந்தாக் கடைசிவரை போராடினார்’ என்று எழுதியிருந்தேன். கடைசிவரை இல்லை. கடைசி நூறு மீட்டருக்கு முன்புவரை. அந்த நூறு மீட்டரில் நடந்ததை நான் எழுதவில்லை, பதினோரு மாதமாக யாரிடமும் சொல்லவும் இல்லை.

செய்தியில் சொல்ல முடியாததைக் கதையில் சொல்லிவிடலாம், எப்படியும் யாரும் நம்பப் போவதில்லை என்ற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் தொடக்கம் இப்படி வந்தது:

[எங்கும் பனி. நடுவே ஒற்றைக் கையோடு ஒரு பெண். அவள் கண்களில் தெரிந்த அந்த…]

அடித்துவிட்டேன். அவள் கண்களில் கறுப்புக் கண்ணாடிதான் தெரிந்தது. இரண்டாவது தொடக்கம்:

[மங்கோலியா ஒரு சிறிய நாடு.]

இதையும் அடித்தேன். ஒரு மாதம் குதிரையில் போனாலும் மறு எல்லை வராத நாட்டைச் சிறியது என்று எழுதினால் என் மாமனாரே சிரிப்பார். நிலம் பெரியது, ஆள்தான் குறைவு. அதிலும் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் குறைவு. அதிலும் உடம்பில் ஏதோ ஒன்று குறைந்த பிறகு பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள், நான் எண்ணியபோது, நான்கு பேர். ஒருத்தி கல்யாணமாகித் தர்ஹானுக்குப் போய்விட்டாள். ஆக மூன்று.

மூன்றாவது தொடக்கத்தை எழுதுவதற்கு முன் நர்மந்தாக்குக்கே போன் போட்டேன்.

“என்னை வெச்சுக் கதையா? எதுக்குண்ணே?”

“சும்மாதான் தங்கச்சி.”

“சும்மா எழுதுற ஆளா நீங்க? பேப்பர்ல ரெண்டு பத்தி எழுதவே ரெண்டு நாள் எடுத்துக்குவீங்க. சரி, எழுதுங்க. ஆனா எழுத எழுத எனக்குப் படிச்சுக் காட்டணும். காட்டாம ஒரு வரி அச்சுக்குப் போச்சுன்னா வீட்டுக்கே வந்துருவேன்.”

ஒத்துக்கொண்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது எப்படி என்று யாராவது கேட்டால் என்னைக் காட்டுங்கள்.

2

அவளைப் பற்றி. முப்பத்து நான்கு வயது. சொந்த ஊர் அர்ஹங்காய்ப் பக்கம். பத்தொன்பது வயதில் வைக்கோல் கட்டும் இயந்திரம் இடக்கையை முழங்கைவரை எடுத்துக்கொண்டது. ஒரே ஊன்றுகோலோடு சறுக்குகிறாள். ஒற்றைக் கோலோடு மேடு ஏறுவது எப்படி என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். “ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு நீங்க எந்த மேட்டுல ஏறினீங்க?” என்று பதில் வந்தது.

அவளை அறிமுகப்படுத்தும் பத்தியை உருக்கமாக எழுதினேன்:

[விடியலில், உறைந்த தூல் ஆற்றின்மேல் அவள் தனியாக நின்றாள். இல்லாத கையை நினைத்து ஒரு பெருமூச்சு…]

போனில் படித்துக் காட்டினேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. அழுகிறாள் என்று நினைத்து, என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்.

“அண்ணே,” என்றாள். “அங்க நிக்கும்போது நான் கையெல்லாம் நினைக்கல. ஒண்ணுக்குப் போகணும்னு நினைச்சுட்டு நின்னேன். அந்த இறுக்கமான உடுப்பப் போட்டுக்கிட்டு, உறைஞ்சுபோன ஜிப்ப ஒத்தக் கையால இறக்கிப் பாருங்க, அப்பத் தெரியும். அத எழுதுங்க.”

எழுதிவிட்டேன்.

எங்கள் குழுவில் மூன்று பேர். ஓடுகிறவள் நர்மந்தாக். பயிற்சி கொடுப்பவர் சொத்னோம் வாத்தியார், பழைய மல்யுத்தக்காரர், கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாதவர். ஐம்பது வயதில் ஒரு ரஷ்யப் புத்தகத்தைப் பார்த்துப் பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டவர். தங்கமான மனிதர்தான். கூட்டல் கழித்தல் மட்டும் அவருக்கு வராது. அவர் பத்து விநாடி என்றால் இரண்டாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். மூன்றாவது ஆள் நான். செய்தி எழுதுவது போக, சறுக்குப் பலகைகளின் அடியில் மெழுகு தேய்க்க வேண்டும், ஆட்டிறைச்சி வேகவைக்க வேண்டும், வெளிநாட்டுக்காரர்களோடு பேச வேண்டும். நான்கு மொழிகளில் ‘நன்றி’யும் ‘கழிவறை எங்கே’யும் எனக்குத் தெரியும். அதுவரை போதுமானதாக இருந்தது.

3

இனி பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் குற்றம் உங்களுக்குப் புரியாது.

நாதம் திருவிழாவில் இரண்டு வயதுக் குட்டிக் குதிரைகளுக்கு ஒரு பந்தயம் உண்டு. அதில் கடைசியாக வரும் குட்டியை நாங்கள் விரட்டுவதில்லை. முன்னால் கூட்டிக்கொண்டு வந்து, முதுகில் புளித்த குதிரைப்பாலைத் தெளித்து, ஊரே நின்று பாடும். அந்தக் குட்டிக்குப் பெயர் ‘நிறைவயிறு’. பாட்டு ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய இப்படி:

குற்றம் உன்னுடையது இல்லை குட்டியே,
கடிவாளம் பிடித்தவன் கை குற்றம்,
வழியில் கிடந்த கல் குற்றம்,
முன்னால் போனவன் கிளப்பிய புழுதி குற்றம்,
வரும் ஆண்டு வா,
பத்தாயிரம் குளம்புக்கும் முன்னால் வா.

(இடையில் ஒன்று. இந்தப் பாட்டைக் கேட்ட குட்டி மறு ஆண்டு முதலில் வந்ததை நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்ன நான்கு பேரும் பார்க்கும்போது குடித்திருந்தார்கள். ஆனாலும் பாடாமல் இருக்க எங்களால் முடியாது. கடைசியாக யாராவது வந்தால் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும்.)

எட்டு ஆண்டுகளுக்கு முன் தூல் ஆற்றுப் பனியில் நடந்த முதல் பந்தயத்தில் நர்மந்தாக் கடைசியாக வந்தாள். சொத்னோம் வாத்தியார் இந்தப் பாட்டைப் பாடி, குதிரைப்பால் கிடைக்காததால் பால் தேநீரைத் தெளித்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த பந்தயத்திலும் கடைசி, மறுபடி அதே பாட்டு. அப்போது புன்னகைத்தாள். அதன்பின் எந்த நாட்டில் ஓடினாலும் கடைசி, எந்த நாட்டில் கடைசியாக வந்தாலும் பாட்டு. ஊருக்குப் போனால் பேருந்து ஓட்டுநர் பாடுகிறார். கடைக்கார அம்மாள் மாவை நிறுத்துக்கொண்டே பாடுகிறாள். ‘எங்கள் நிறைவயிற்றை வரவேற்கிறோம்’ என்று ஊர்மன்றத்தில் பதாகை கட்டினார்கள். எல்லோருக்கும் அவள்மேல் அவ்வளவு பிரியம்.

போன குளிர்காலத்தில், பந்தயத்துக்குப் புறப்படுவதற்கு முந்தைய வாரம், பயிற்சிக் குடிசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

“வாத்தியாரே, அந்தப் பாட்டு ரெண்டு வயசுக் குட்டிக்கு. எனக்கு முப்பத்தி நாலு ஆகுது.”

“பாடினா அடுத்த வருஷம் மொதல்ல வரும்மா. அது ஐதீகம்.”

“எட்டு வருஷமா பாடுறீங்க. இந்நேரம் குட்டிக்குப் பல்லே கொட்டியிருக்கும்.”

வாத்தியார் சிரித்தார், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நான் ஜெயிக்க வேணாம். மெடலும் வேணாம். எனக்குப் பின்னால ஒரே ஒருத்தி வரணும். ஒரே ஒரு தடவை. அந்தப் பாட்டு இல்லாம ஒரு கோட்டத் தாண்டணும், அவ்ளோதான். இந்த வருஷத்துக்கு முட்டி தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த வருஷத்தப் பத்திக் கேட்டா அவரு வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு.”

வாத்தியார் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெழுகுப் பெட்டியைத் துடைத்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

4

பந்தயம். வடக்கே ஒரு நாடு, பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள், காபிதான் வாயில் வைக்க முடியாது.

எல்லோரும் சேர்ந்து கிளம்பும் ஓட்டம் இல்லை இது. முப்பது விநாடிக்கு ஒருத்தியாக விடுவார்கள். போதாததற்கு, யாருக்கு உடம்பில் எவ்வளவு குறை என்று பார்த்து ஆளுக்கொரு விகிதத்தில் நேரத்தைக் குறைத்துக் கணக்கிடுவார்கள். அதனால் யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முடிவுக் கோட்டுக்கு மேலே ஒரு பெரிய பலகை இருக்கும், அதில் எண்கள் ஓடும். அது சொல்வதுதான் வேதம்.

அன்றைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். பனி என்றால் பழச்சாற்றில் போடுவது என்று மட்டுமே தெரிந்த ஏதோ ஒரு தீவு நாட்டுக்காரி. நர்மந்தாக்குக்கு முன்னாலேயே கிளம்பி, இரண்டு முறை விழுந்து எழுந்து, வந்து சேர்ந்துவிட்டாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கோட்டருகே உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய நேரம் பலகையில் நின்றது. மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வந்து முடித்துவிட்டார்கள். நர்மந்தாக் மட்டும்தான் பாக்கி. அந்தத் தீவுப் பெண்ணின் நேரத்துக்குள் வந்துவிட்டால் போதும், அவளுக்குப் பின்னால் ஒருத்தி இருப்பாள்.

வளைவில் அவள் தெரிந்தாள். நூறு மீட்டர்.

[அப்போது சொத்னோம் வாத்தியார் திடீரென்று பாடத் தொடங்கினார். எட்டு வருடப் பழக்கம் அல்லவா? அந்தப் பாட்டைக் கேட்டதும் அவள்…]

இதைப் போனில் படித்தபோது அவள் நிறுத்தச் சொன்னாள்.

“யாரு பாடினாங்க?”

“வாத்தியார்.”

“வாத்தியார் அப்ப எங்கண்ணே இருந்தாரு?”

“அங்கதான், பக்கத்துல…”

“மேட்டு மேல இருந்தாரு. நான் தாண்டும்போது ‘ஒம்பது செகண்டு மிச்சம், ஒம்பது’ன்னு தொண்ட கிழியக் கத்தினாரு. கோட்டுப் பக்கம் அவரு வரவே இல்ல.”

“அப்படியா? ஞாபகப் பிசகு. திருத்திர்றேன்.”

“திருத்துங்க,” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

வாசகரே, ஞாபகப் பிசகு இல்லை.

5

பாடியவன் நான்.

ஏன் பாடினேன் என்பதற்கு மூன்று நாளாகக் காரணம் எழுதிப் பார்த்தேன். குளிர் என்று எழுதினேன். பழக்கம் என்று எழுதினேன். அன்பு என்றுகூட ஒரு வரி எழுதி, அசிங்கமாக இருந்ததால் கிழித்துவிட்டேன். உண்மை இதைவிடச் சின்னது. அண்ணாந்து பலகையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இன்னும் நேரம் இருந்தது, அவள் வந்துகொண்டிருந்த வேகத்துக்கு ஐந்தாறு விநாடி மிச்சமாகவே கோட்டைத் தாண்டியிருப்பாள். நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தேன். அவள் கடைசிதான் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அவளுடைய சறுக்குப் பலகைக்கு விடியற்காலை எழுந்து மெழுகு தேய்த்தவன் நான். தேய்க்கும்போதும் அந்த நம்பிக்கையோடுதான் தேய்த்திருக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

குரலும் எனக்குக் கொஞ்சம் பெரியது. பனியில் நன்றாகப் போகும். கூட்டத்துக்குப் பாட்டு பிடித்துவிட்டது, கை தட்டினார்கள். கம்பளிக்குள் இருந்த தீவுப் பெண்ணும் தட்டினாள். குனிந்து ஊன்றுகோலைக் குத்திக்கொண்டு வந்தவள், பாட்டு காதில் விழுந்ததும் நிமிர்ந்தாள். கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். வந்த வேகத்திலேயே, தள்ளாமல், சும்மா வழுக்கிக்கொண்டு வந்தாள். சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

கோட்டைத் தாண்டினாள். நான் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நான்கு விநாடி வித்தியாசத்தில் கடைசி.

முடிவுத்தாளை மடித்து மெழுகுப் பெட்டியின் அடியில் வைத்தேன். “நிறைய வித்தியாசம் தங்கச்சி, விடு” என்று சொன்னேன். “சரிண்ணே” என்றாள். நாங்கள் பேருந்து ஏறினோம்.

6

கதையாக எழுதுவதில் ஒரு வசதி உண்டு, நடந்ததை மாற்றலாம். சில முடிவுகளை முயன்று பார்த்தேன்.

முதலாவது: பலகையில் கோளாறு. நடுவர்கள் மீண்டும் கணக்கிட, நர்மந்தாக் கடைசிக்கு முந்தினவள் ஆகிறாள். சொத்னோம் வாத்தியாரைக் கொண்டு கணக்குப் போடவைத்தால் அவள் தங்கப்பதக்கமே வாங்கிவிடுவாள் என்பதால் கைவிட்டேன்.

இரண்டாவது: பாட்டைக் கேட்டதும் அவளுக்கு வெறி வருகிறது, புயலாகப் பாய்ந்து… [இங்கே எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.]

மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. தீவுப் பெண்ணுக்கு விஷயம் தெரியவருகிறது. அவள் எழுந்து வந்து, கண்ணீரோடு நர்மந்தாக்கின் கையைப் பிடித்து, ‘இந்த இடம் உன்னுடையது’ என்கிறாள். இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் அப்போது பூஸ் கொழுக்கட்டை செய்ய மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணு எதுக்கு விட்டுக் குடுக்கணும்?” என்றாள். “ரெண்டு தடவை விழுந்து எந்திரிச்சு ஓடியிருக்கா. கடைசியா வரக் கூடாதுன்னு அவளுக்கும் இருக்காதா? நீ பண்ணின தப்புக்கு ஊர்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் அழணுமா?”

அதையும் கிழித்தேன். மாவு கையோடு அவள் பார்த்த பார்வையைத் தனியாக எழுதலாம், இந்தக் கதையில் இடமில்லை. மிச்சம் இருந்தது ஐந்தாம் பகுதியை அப்படியே நர்மந்தாக்கிடம் படித்துக் காட்டுவது மட்டும்தான். போனில் படிக்கத் தைரியம் இல்லை. போனில் என்றால் அவள் வைத்துவிடுவாள். நேரில் என்றால் அடிக்கவாவது செய்வாள்.

7

தூல் ஆற்றுக்குப் போனேன். முட்டியில் துணி சுற்றிக்கொண்டு சறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வந்து நின்றாள். கையுறையைக் கழற்றித் தாளைப் பிரித்து, உதடு ஒட்டிக்கொள்ளும் அந்தக் குளிரில், ஐந்தாம் பகுதியை முழுதும் படித்தேன். ‘பாடியவன் நான்’ என்ற வரியில் என் குரல் உடைந்தது. நான் வேண்டுமென்று உடைக்கவில்லை.

“முடிஞ்சுதா?” என்றாள்.

“முடிஞ்சுது.”

“ரிசல்ட் பேப்பர ஒளிச்சு வெச்சீங்க, சரி. அது போன்லயே வந்துச்சேண்ணே. பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். நாலு செகண்டு.”

நான் தாளிலிருந்து நிமிர்ந்தேன்.

“அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல? பதினோரு மாசமா!”

“நீங்க எப்ப வாயத் தொறக்கிறீங்கன்னு பாத்தேன். மத்த நேரத்துல நல்லாத்தான தொறக்குறீங்க.”

“என்னை மன்னிச்சிரு தங்கச்சி. அத்தனையும் என் தப்பு. நீ கடைசியா வந்ததுக்கு நான்தான்…”

“இருங்க, இருங்க.” ஊன்றுகோலைப் பனியில் குத்தி நிறுத்தினாள். “குற்றம் உன்னுடையது இல்ல. பாடினவன் குற்றம். போர்டப் பாக்காதவன் குற்றம். மெழுகு தேச்சவன் மனசு குற்றம். இப்படித்தான எழுதியிருக்கீங்க?”

“ஆமா. அதுதான நெசம்?”

“நீங்க படிக்கும்போதே மெட்டுப் போட்டுப் பாத்தேன். கச்சிதமா உக்காருது. அதே பாட்டுண்ணே. இந்தத் தடவை கொஞ்சம் நீளம்.”

நான் தாளை மடித்தேன்.

“வாத்தியார் ஒம்பதுன்னு கத்தினது எனக்குக் கேட்டுச்சு,” என்றாள். “நீங்க பாடினதும் கேட்டுச்சு. ரெண்டுல எத நம்புறதுன்னு முடிவு பண்ணினது நான். என்னால முடியாதுன்னு நீங்க நினைச்சீங்க, சரி. நானும்தான் நினைச்சேன். நிறுத்தினது என் கால்ண்ணே, உங்க தொண்டை இல்ல. எட்டு வருஷத்துல கை குற்றம், முட்டி குற்றம், பனி குற்றம், நாட்டுல காசில்லாதது குற்றம்னு எல்லாரும் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்க. எனக்குன்னு ஒரே ஒரு தப்பு கிடைச்சுது. அதையும் நீங்க எடுத்துட்டுப் போயிட்டா நான் எதத் திருத்துறது?”

அவளுக்குக் கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியில் நான்தான் தெரிந்தேன், மூக்கில் ஒழுகிக்கொண்டு.

“அப்ப நான் என்ன எழுதட்டும்?”

“‘அவள் நிறுத்தினாள்’னு எழுதுங்க.”

“என் தப்பு?”

“அத நீங்க வீட்ல வெச்சுக்குங்க. அண்ணிகிட்டக் குடுங்க, பத்திரமா பாத்துக்குவாங்க.” கோலைப் பிடுங்கிக்கொண்டாள். “அடுத்த மாசம் ஓட்டம். மெழுகுக்கு நீங்கதான் வரீங்க. கோட்டுகிட்ட நின்னுக்கலாம். நிமிந்து போர்டப் பாத்துக்கிட்டு நில்லுங்க.”

“டாக்டர் வாயத் தொறந்துட்டாரா?”

“நான் இந்தத் தடவை கேக்கவே இல்லண்ணே,” என்றாள். அதற்குள் இருபது அடி போயிருந்தாள்.

8

அவள் கேட்டபடி எழுதுகிறேன்.

[வளைவில் அவள் தெரிந்தாள். யாரோ பாடினார்கள். அவள் நிறுத்தினாள். நான்கு விநாடி.]

திரும்பப் படித்தால் உடம்பு கூசுகிறது. இவ்வளவு கடுமையாக ஒரு பெண்ணை எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘யாரோ’ என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். பக்கத்தை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். பந்தயத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, கதையோ இன்றே அச்சுக்குப் போகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதிய கடைசிச் செய்திதான் என்னை இங்கே உட்காரவைத்திருக்கிறது.

அதனால் இரண்டையும் உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஐந்தாம் பகுதியின் முடிவில் குற்றம் என்னுடையது, எட்டாம் பகுதியின் முடிவில் அவளுடையது. உங்களுக்கு ஐந்தாவதுதான் பிடிக்கும், தெரியும். அதில் இரக்கம் இருக்கிறது, எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வாய்விட்டு மட்டும் படிக்காதீர்கள், பாட்டாகிவிடும். அவள் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை.